குழிக்கு முன் மறுகால்: குமரி மேற்கில் வீடு கட்டுவோருக்கு மழைநீர் வடிகால் வழிகாட்டி

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், எல்லை தாண்டினால் பாறசாலை, அமரவிளை. இந்த வட்டாரத்தில் விளைகளை (மேட்டுத் தோட்டங்களை) மனைகளாகப் பிரித்து விற்பது நிற்கவே இல்லை. வெளிநாட்டில் சம்பாதித்து வந்து எட்டு சென்ட், பத்து சென்ட் வாங்கி வீடு போடுகிறவர்களுக்கும், வேலை மாறுதலில் கிழக்கேயிருந்து வந்து குடியேறுகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. வீட்டை முடித்து, முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பாவி, சுற்றுச்சுவரும் எடுத்த பிறகு வருகிற முதல் இடவப்பாதி மழையில்தான், அதாவது தென்மேற்குப் பருவமழையில்தான், பலருக்கும் பிரச்சினை கண்ணில் படுகிறது. தண்ணீர் வாசலில் நிற்கும், அல்லது கேட்டுக்கு அடியில் புகுந்து கீழ்வீட்டுக்காரர் முற்றத்தில் இறங்கும்.

இங்கே நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேட்டில் செம்மண் விளை. இரண்டு மேடுகளுக்கு நடுவே, ஒரு காலத்தில் நெல் விளைந்த ஏலா. ஏலாவின் ஓரமாக ஓடை. ஓடை குளத்துக்குப் போகும், குளம் நிறைந்தால் மிகுநீர் வெளியேறும் வாயான மறுகால் வழியே அடுத்த குளத்துக்கு. கடைசியில் குழித்துறைத் தாமிரபரணி வழியாகத் தேங்காப்பட்டணத்திலோ, நெய்யாறு வழியாகப் பூவாறிலோ கடல். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற ஊர் இது. விளையில் மரச்சீனியும் (மரவள்ளி) தென்னையும் நின்ற காலத்தில் பெய்ததில் பெரும்பங்கை மண் குடித்துவிட்டு மிச்சத்தை மெதுவாக இறக்கியது. இப்போது கூரையும் கல்தரையும் மொத்தத்தையும் சில நிமிடங்களில் கீழே தள்ளுகின்றன. ஏலா மண் போட்டு நிரப்பப்பட்டிருக்கிறது, ஓடை குழாயாகச் சுருங்கியிருக்கிறது. 2021 நவம்பர் மழையில் இந்த மாவட்டம் பட்ட பாட்டுக்கு மழையளவு ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

நாம் செய்ய வேண்டியது, விழுந்த தண்ணீரை விழுந்த இடத்திலேயே கொஞ்சம் தாமதிக்க வைப்பது. கொஞ்சம் மண்ணுக்குள், கொஞ்சம் புல்லுக்குள், மிச்சம் ஒழுங்கான வழியில் ஓடைக்கு. தமிழ்நாட்டில் 2003 முதலே கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பிரிட்டனின் வேல்ஸில் 2019 ஜனவரி முதல், 100 சதுர மீட்டர் அளவிலான கட்டுமானம் என்றாலே இயற்கை முறை வடிகாலுக்கு அனுமதி வாங்கியாக வேண்டும். நம் பக்கத்தில் சட்டம் இருந்தும் பல வீடுகளில் இருப்பது பிளான் பாஸாவதற்காக வெட்டிய ஒரு குழிதான். அந்தக் குழியை உருப்படியாக்குவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் காகிதம்

மனையை இன்னும் வாங்கவில்லை என்றால் இதைத் தவற விடாதீர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் புல வரைபடத்தை எடுத்து, உங்கள் சர்வே எண்ணின் ஓரத்தில் ஓடைப் புறம்போக்கோ குளமோ இருக்கிறதா பாருங்கள். தரையில் ஓடை தெரியாமல் இருக்கலாம். படத்தில் இருந்தால் மழைக்கு அது நினைவிருக்கும். கேரளப் பக்கம் என்றால் வரி ரசீதில் 'நிலம்' என்று இருக்கிறதா 'புரையிடம்' என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். நிலம் என்றால் வயல், புரையிடம் என்றால் மேட்டு மனை. 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரித்த டேட்டா பேங்கில் (வயல்களின் பதிவுப் பட்டியல்) அந்த எண் இருக்கிறதா என்று வில்லேஜ் ஆபீசிலோ, வேளாண் அலுவலகமான கிருஷி பவனிலோ கேட்டுவிடுங்கள். நிரப்பிய ஏலாவில் வீடு கட்டினால், மேட்டிலிருந்து வருகிற எல்லாத் தண்ணீருக்கும் நீங்கள்தான் குளம். விலை குறைவு என்பதற்காக அந்த மனையை எடுக்காதீர்கள்.

பிறகு மழையில் நில்லுங்கள்

நல்ல மழை ஒன்றில் குடையோடு வெளியே வந்து அரைமணி நேரம் மனையைச் சுற்றி வாருங்கள். எந்தக் கருவியும் தராத தகவல் இதில் கிடைக்கும். மூன்று கேள்விகள்: தண்ணீர் எந்த மூலையில் உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் வெளியேறுகிறது. ஒரு கைப்படம் வரைந்து அம்புக்குறி போடுங்கள். தண்ணீரின் நிறத்தையும் கவனியுங்கள். செங்கல் நிறத்தில் ஓடினால் மேலே எங்கோ மண் அரிக்கிறது, அந்த மண் உங்கள் குழியை ஒரே பருவத்தில் அடைத்துவிடும். மழை நின்ற மறுநாள் காலையில் இன்னொரு சுற்று. இன்னும் எங்கே சேறாக இருக்கிறதோ, அங்கே மண் தண்ணீரைக் குடிக்கவில்லை.

மறுகாலைத் தீர்மானியுங்கள்

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் குழியிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது மறுகாலிலிருந்து. இந்த ஊர்க் குளம் எதுவானாலும் பாருங்கள்: கரை உயரத்தைத் தீர்மானிப்பதற்கு முன்பே, நிறைந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்து கல் கட்டியிருப்பார்கள். உங்கள் முற்றத்துக் குழிக்கும் அதே கணக்குதான். மறுகால் இல்லாத குழி நிறைந்தால் தண்ணீர் தனக்குத் தோன்றிய பக்கம் போகும். பெரும்பாலும் அது அஸ்திவாரத்துப் பக்கம்.

இங்கே குழி வெட்டிப் பழகிய வயதான கொத்தனார் ஒருவர், வேலைக்குக் கூப்பிட்டால் கம்பியைக் கீழே வைத்துவிட்டு இதைத்தான் முதலில் கேட்பார்: "மக்களே, குழிய பெறவு வெட்டலாம். மறுகால எங்க விடப்போற, அத மொதல்ல சொல்லு." பதில் சொல்ல முடியாவிட்டால் வேலையைத் தொடங்க மாட்டார்.

மறுகால் போக வேண்டிய இடம் பொது ஓடை, சாலையோர வடிகால், அல்லது உங்கள் மனையிலேயே தாழ்ந்த, வீட்டிலிருந்து விலகிய தோட்டப் பகுதி. கீழ்வீட்டுக்காரர் மனை வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் அவரிடம் முன்னாலேயே பேசுங்கள். பாதையைச் சேர்ந்தே தீர்மானித்துக் கல் கட்டிவிட்டால் பல வருடச் சண்டை மிச்சம். மறுகாலின் வாய், வீட்டுத் தரைமட்டத்தைவிடக் குறைந்தது ஓர் அடி தாழ இருக்கட்டும். கண்ணளவில் இதை முடிவு செய்யாதீர்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் கண்ணாடி டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பாருங்கள். செம்மண் மேட்டில் கண் நிறையவே ஏமாற்றும்.

எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இது ஒன்று தெரிந்தால் போதும். 1,200 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 111 சதுர மீட்டர். 1,000 சதுர அடி இன்டர்லாக் முற்றம் 93 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு இரண்டும் சேர்ந்து சுமார் 10,000 லிட்டரைத் தள்ளுகின்றன. ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் அதைக் கனமழை என்றே சொல்கிறது. இங்கே மழைக்காலத்தில் 50 மில்லிமீட்டர் என்பது அதிசயம் இல்லை.

இப்போது குழியின் கணக்கு. ஒன்றரை மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் ஆழம் வெட்டினால் 3,500 லிட்டர் கொள்ளும். அதில் ஜல்லியை நிரப்பிவிட்டால், கல்லுக்கு நடுவே மிஞ்சும் இடத்தில் 1,400 லிட்டர்தான் நிற்கும். பலரும் இதை யோசிப்பதில்லை. மண் இறுக்கமாக இருந்தால் ஜல்லிக்குப் பதிலாக, பக்கத்தில் துளை போட்ட சிமெண்ட் உறைகளை இறக்கி, உள்ளே வெறுமையாக விட்டு, வெளிச்சுற்றில் மட்டும் ஜல்லி போட்டு, மேலே கனமான மூடி வையுங்கள். மூன்றடி விட்டமுள்ள உறை ஓர் அடி உயரத்துக்குச் சுமார் 200 லிட்டர் கொள்ளும். மூடி உடையாததாக, பிள்ளைகள் தூக்க முடியாததாக இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

10,000 லிட்டரையும் ஒரே குழியில் அடக்க வேண்டியதில்லை. பல சின்ன இடங்களில் பிரித்துக் கொடுங்கள்.

மண்ணைக் கேட்டுப் பாருங்கள்

குழி வரப்போகிற இடத்தில் ஓர் அடி நீளம், அகலம், ஆழத்தில் ஒரு சோதனைக் குழி. நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு முறை வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, அளவு குறித்த குச்சியை நட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மண் நல்ல மண். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடத்தில் குழியை நம்பாதீர்கள், புல் ஓடையும் தொட்டியும்தான் வழி. கோடையில் வரும் விடை பொய் சொல்லும். மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த பிறகு பாருங்கள்.

பக்கத்துக் கிணற்றில் ஐப்பசியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்றும் கேளுங்கள். உங்கள் குழியின் அடி அந்த மட்டத்துக்கு ஒரு மீட்டராவது மேலே இருக்க வேண்டும். செம்பாறைக்குக் கீழே பல இடங்களில் வெள்ளைக் களி வரும். வெட்டும்போது வெள்ளை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். களியின் மேல் இறங்கும் தண்ணீர் பக்கவாட்டில் நழுவி, கீழே யாருடைய சுவரிலோ ஊறும்.

அடுத்து, அமைப்பது

கூரைத் தண்ணீர்தான் மிகச் சுத்தம். அதை முற்றத்துத் தண்ணீரோடு கலக்காதீர்கள். வீட்டில் திறந்த கிணறு இருந்தால் கூரைக் குழாயை வடிகட்டி வழியாகக் கிணற்றுக்கே விடலாம். கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் 2008இல் தொடங்கிய 'மழப்பொலிமா' திட்டம் இதைத்தான் வீடு வீடாகச் செய்தது. முதல் மழையில் கூரையின் தூசும் பறவை எச்சமும் வரும். எனவே தொடக்கத்தில் வரும் 100, 200 லிட்டரை வெளியே விட்டுவிடுகிற திருப்பு வால்வு ஒன்று அவசியம். அதன் பிறகு கல், மணல், கரி அடுக்கிய தொட்டி. முற்றத்துத் தண்ணீரைக் கிணற்றில் ஒருபோதும் விடாதீர்கள். வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிறீர்கள் என்றால் அந்த அமிலத் தண்ணீர் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ போகவே கூடாது, அதற்குத் தனி வழி வேண்டும். செப்டிக் டேங்க் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 15 மீட்டர் இருக்கட்டும். உறிஞ்சுகுழி எதுவானாலும் அஸ்திவாரத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி.

கிணறு இல்லாவிட்டால் கூரைத் தண்ணீரை மழைத் தோட்டத்துக்குத் திருப்புங்கள். மனையின் தாழ்ந்த பக்கத்தில், வீட்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, பத்தடிக்குப் பதினைந்தடியில் அரையடி ஆழப் பள்ளம். அதில் 2,000 லிட்டர் நிற்கும். அடியில் மண்ணை ஒன்றரையடி கொத்தி, மணலும் மக்கிய சாணமும் கலந்து போடுங்கள். செம்மண் வெயிலில் இறுகி ஓடு போலாகிவிடும், கொத்தாமல் விட்டால் எதுவும் இறங்காது. நடுவில் சேம்பு, கல்வாழை, வல்லாரை. விளிம்பில் வெட்டிவேர், செம்பருத்தி. தண்ணீர் விழும் வாயில் நாலைந்து கருங்கல்லைப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் அரித்துக் குழியாகும். ஒரு நாளில், அதிகபட்சம் இரண்டு நாளில் வடிந்துவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம்போல ஆகும், அதனால் ஒழுங்காக வடிகிற பள்ளம் டெங்குவுக்கு இடம் தராது. தேங்காய்ச் சிரட்டையும் பழைய டயரும்தான் தரும்.

தென்னை நிற்கிற விளை என்றால் இன்னும் எளிய வழி உண்டு. மரத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வரிசைகளுக்கு நடுவே நீளப் பள்ளம் வெட்டி, கதம்பையை (தேங்காயின் நார் மட்டையை) குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண்ணிட்டு மூடுங்கள். ஒரு தடவை போட்டால் ஐந்தாறு வருடம் பலன் தரும்.

தண்ணீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக சிமெண்ட் வாய்க்காலைவிடப் புல் ஓடை நல்லது. மூன்றடி அகலம், முக்காலடி ஆழம், சரிந்த கரை, நூறடிக்கு ஓரடி இரண்டடி இறக்கம். பத்துப் பதினைந்தடிக்கு ஒருமுறை குறுக்கே கல் வரிசை வைத்தால் தண்ணீர் ஓடாமல் நடந்து போகும், மண்ணும் அங்கங்கே படிந்துவிடும்.

இன்டர்லாக் பற்றி

இந்த ஊரில் முற்றம் என்றால் இன்டர்லாக் என்றாகிவிட்டது. கல்லுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதே, தண்ணீர் இறங்கிவிடும் என்று விற்பவர் சொல்வார். இறங்காது. ஏன் என்று தெரிய ஒரு கல்லை நெம்பி எடுத்துப் பாருங்கள். கீழே பாறைப்பொடி, அதற்குக் கீழே இடித்து இறுக்கிய மண். மழை பட்ட பாறைப்பொடி ஒரு வருடத்தில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். இடைவெளியில் பச்சைப் பாசி. கல்லின் அடிப்பக்கம் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும்.

தண்ணீர் இறங்க வேண்டும் என்றால் அடித்தளம் மாற வேண்டும். கீழே ஒன்றரை அங்குல ஜல்லி அரையடிக்கு, அதன் மேல் முக்கால் ஜல்லி மூன்று அங்குலம், அதன் மேல் பொடி இல்லாத சின்னச் சிப்ஸ் இரண்டு அங்குலம், பிறகு கல். கல்லுக்குக் கல் அரை அங்குல இடைவெளி விட்டு, அதிலும் அதே சிப்ஸ். பாறைப்பொடி எங்குமே வரக் கூடாது. கார் நிற்கிற இடத்துக்கும் இது தாங்கும். ஏற்கெனவே பாவிவிட்டவர்கள் முழுதும் பெயர்க்க வேண்டாம். சுற்றுச்சுவர் ஓரமாக இரண்டடி அகலத்துக்குக் கல்லை எடுத்துவிட்டு, அங்கே ஜல்லி வாய்க்காலோ செடிப் பாத்தியோ அமைத்து, முற்றத்துச் சரிவை அந்தப் பக்கம் திருப்பினாலே பெரிய மாற்றம் தெரியும். என்னைக் கேட்டால் முற்றத்தில் கார் நிற்கிற இடத்துக்கும் நடைபாதைக்கும் மட்டும் கல் போதும், மிச்சம் மண்ணாகவே இருக்கட்டும்.

மண் இடித்த வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

இந்த ஒரு பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். மேட்டைச் செங்குத்தாக வெட்டி, மண் இடித்து, அந்தத் தட்டில் வீடு கட்டுவது இங்கே வழக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்தடி, பதினைந்தடி மண்சுவர் நிற்கும். அந்த வெட்டின் மேல்புறத்தில் உறிஞ்சுகுழியோ மழைக்குழியோ வெட்டவே கூடாது. ஊறிய மண்ணின் எடை கூடும், பிடிப்பு குறையும், ஒரு பெருமழை இரவில் மொத்தமாக இறங்கும். 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புத்துமலையிலும் கவளப்பாறையிலும் மலைச்சரிவு இறங்கி உயிர்களைக் கொண்டுபோனதைக் கண்டவர்கள் நாம். நம் மேடுகள் அவ்வளவு பெரியவை இல்லை, ஆனால் சமையலறைமேல் விழுவதற்குப் பத்தடி மண் போதும்.

செங்குத்துச் சரிவில் தண்ணீரை மண்ணுக்குள் விடாமல் சுற்றிக் கொண்டுபோய் இறக்க வேண்டும். வெட்டின் விளிம்பிலிருந்து சில அடி மேலே, சிமெண்ட் பூசிய ஒரு வாய்க்கால். அது பக்கவாட்டில் போய், படிப்படியாகக் கல் கட்டிய இறக்கத்தில் கீழே வரட்டும். கய்யாலையோ தாங்குசுவரோ கட்டினால் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, சுவரில் நாலைந்தடிக்கு ஒரு துளைக் குழாய் விடுங்கள். மழைக்காலத்தில் அந்தக் குழாய்களில் தண்ணீர் சொட்டினால் நல்லது. சொட்டவே இல்லை, சுவர் மட்டும் முன்னால் புடைக்கிறது என்றால் அன்றிரவு பின்அறையில் படுக்காதீர்கள், உடனே ஆள் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ரப்பர் தோட்டத்துச் சரிவு உங்களுக்கு மேலே இருந்தால், அங்கே மழைக்குழி வெட்டியிருக்கிறார்களா என்று தோட்டக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மென்சரிவில் அது நல்லது, கடுஞ்சரிவில் இல்லை.

பராமரிப்பும் எல்லையும்

எந்தக் குழிக்கும் முன்னால் இரண்டடிச் சதுரத்தில் ஒரு மண்பிடி தொட்டி, வாயில் வலை. இதை வைக்காவிட்டால் இரண்டே வருடத்தில் குழி செத்துவிடும். ரப்பர் இலை உதிர்வது தையை ஒட்டி. அது கூரையிலும் வாய்க்காலிலும் கிடந்து மக்கி, இடவப்பாதியின் முதல் மழையில் மொத்தமாக வந்து அடைக்கும். எனவே மே மாதக் கடைசியில் ஒரு சுத்தம், புரட்டாசியில் இன்னொரு சுத்தம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வலையைக் கையால் வழித்துவிட்டால் போதும்.

இவை எல்லாம் வழக்கமான கனமழைக்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தக் குழியும் பதில் இல்லை. அன்றைக்கு வேலை செய்வது மறுகால் மட்டும்தான். ரெட் அலர்ட் வந்தால், ஏலா ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் இருப்பவர்கள் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் திறக்கும் அறிவிப்பைக் கவனித்து, முன்னாலேயே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

சந்துக்கு வெளியே

உங்கள் மறுகால் சேர்கிற ஓடை அடைந்திருந்தால் வீட்டுக்குள் செய்த வேலை பாதிதான் பயன் தரும். பல இடங்களில் சாலைக்கு அடியில் பாலத்துக்குப் பதில் ஒற்றைக் குழாய் போட்டு, அதில் பிளாஸ்டிக்கும் மட்டையும் சிக்கியிருக்கும். கேரளத்தில் ஹரித கேரள மிஷன் ஊர் மக்களைக் கூட்டி ஓடைகளைச் சுத்தம் செய்து மீட்டிருக்கிறது, நம் பக்கமும் செய்யலாம். கிராம ஊராட்சி என்றால் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபை இதற்குப் பொருத்தம், மழைக்கு இரண்டு மாதம் முன்னால் வருகிறது. பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு மனு. மனுவில் வருத்தத்தை எழுதாதீர்கள். ஓடையின் சர்வே எண், புல வரைபட நகல், குழாயின் விட்டம், மழையன்று தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்பதைக் காட்டும் தேதியிட்ட படங்கள், சந்தில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களின் கையெழுத்து. ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள், அடுத்த மனுவில் அந்தத் தேதியைக் குறிப்பிட வேண்டி வரும்.